எத்தனை குதிரை கூட்டினாலும்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி ஆயில் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக டீ டம்ளர் வைக்கத்தான் பயன்பட்டது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றே. எழுதாவிட்டால் பெரிய ஸ்பேனரை எடுத்து யார் மண்டையிலாவது போட்டுவிடுவேன்.

நேற்று கார் ரேஸ். என் வீட்டுக்காரர் ஆறாவது. ஓடி முடித்ததே எட்டு வண்டி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "எஞ்சின்ல இழுவையே இல்லீங்க." என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் போய்த் தொலையட்டும். மைக்கை நீட்டிய டி.வி.காரப் பெண்ணிடம், எல்லா டீம்காரர்களும் கேட்கச் சொன்னார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த எஞ்சினைக் கட்டியவள் நான் என்று கோயமுத்தூரில் ரேஸ் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் அது திருமூர்த்தியின் எஞ்சின். தோற்றால் திருமூர்த்தியின் சம்சாரம் கட்டின எஞ்சின். கணபதியில் எங்கள் பட்டறை வாசலில் தொங்கும் பலகையிலும் 'திருமூர்த்தி மோட்டார்ஸ்' என்றுதான் இருக்கிறது. அம்சவேணி என்று ஒருத்தி உள்ளே இருப்பதைப் பலகையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். தட்டில் இழுவை நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 5, புதன்

சிறுவாணித் தண்ணீர் வரவேண்டிய நாள். வரவில்லை. பட்டறைத் தொட்டியில் இருந்ததில் கைகழுவிச் சமாளித்தேன்.

டர்போவைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மறுபடி மாட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று டைனோவில் ஏற்றினோம். வண்டியை ஓரிடத்தில் கட்டிவைத்து, சக்கரத்தை உருளையின் மேல் ஓடவிட்டு, எஞ்சினுக்கு எத்தனை குதிரை பலம் என்று அளக்கும் மெஷின். நூற்றுத் தொண்ணூறு காட்டியது. என் வாய் சொன்னது அல்ல, மெஷின் சொன்னது.

எங்கிருந்து எங்கே வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருந்தேன். மாப்பிள்ளை ரேஸ் ஓட்டுகிறார் என்றதும் ஜாதகம்கூடக் கேட்காமல் தலையாட்டினேன். கல்யாணமான வருடம் கட்டிய முதல் எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர். ஊசி மாதிரி ட்ரில்லை வைத்துப் பெட்ரோல் துளையை மயிரிழை மயிரிழையாகப் பெருக்குவேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்லி, பிளக்கைக் கழற்றி, நுனி வெளுத்திருக்கிறதா கறுத்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி துளை. விரலெல்லாம் பெட்ரோல் நாற்றம். அதில் நூற்றைந்து குதிரை.

அப்புறம் இன்ஜெக்‌ஷன் வந்தது. துளை வேலை போனது, லேப்டாப் வந்தது. எந்த வேகத்துக்கு எத்தனை துளி பெட்ரோல் என்று ஒரு கட்டம் கட்டமான அட்டவணையில் எண்ணைத் தட்டினால் போதும். ஊரில் பாதி மெக்கானிக்குகள் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று மூக்கைச் சிந்தினார்கள். நான் சிந்தவில்லை. எனக்கு அந்தக் காலமும் வேண்டாம், அந்த நாற்றமும் வேண்டாம். மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டு நூற்று முப்பது எடுத்தேன்.

இந்த வருடம் விதியை மாற்றி டர்போவை அனுமதித்தார்கள். எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டுப் புகையாலேயே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, அந்த விசிறியால் காற்றைத் திரும்ப எஞ்சினுக்குள் திணிப்பது. கழிவை வைத்தே காரியம். யார் யோசித்தார்களோ, அவர்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நூற்றுத் தொண்ணூறு.

சரி. இதையும் எழுதிவைக்கிறேன். கார்புரேட்டர் காலத்தில் நம் டிராக்கை ஒரு சுற்று சுற்ற இவருக்கு எழுபத்திரண்டு நொடி. இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் எழுபது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டி உருண்ட பிறகு எழுபத்திரண்டு. இப்போது டர்போவில் எழுபத்திரண்டு. எண்பத்தைந்து குதிரை எக்ஸ்ட்ராவாகப் பூட்டியிருக்கிறேன். அத்தனையும் எங்கே போய் மேய்கின்றனவோ தெரியவில்லை. எங்கோ என் வேலையில்தான் ஓட்டை இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சென்னையிலிருந்து நரசிம்மன் என்பவர் போன் செய்தார். அடுத்த வருடத்துக்கு நான்கு வண்டி இறக்குகிறாராம். எஞ்சின் கட்ட ஆள் பார்க்கிறார். "மேடம், உங்க பேரத்தான் சொன்னாங்க. செப்டம்பர் ஃபைனல் பாக்க நான் கோயமுத்தூர் வரேன். பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

உங்க பேர் என்றார். திருமூர்த்தி பேர் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அந்த நம்பரைப் பட்டறைச் சுவரில் எழுதிவைத்தேன். இது எனக்கு வேண்டும். கோயிலுக்கு வேண்டிக்கொள்கிற மாதிரி அல்ல, பசிக்குச் சோறு வேண்டும் என்பது மாதிரி வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "நாலு வண்டியா? செரி பாப்போம். மொதல்ல நம்ம வண்டி ஓடட்டும்" என்றார். நியாயம்தானே. நம் வண்டி ஓடாமல் எந்த முகத்தோடு அடுத்தவருக்குக் கட்டுவது.

ஜூலை 1, திங்கள்

மிக்ஸி ரிப்பேர். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, மாற்றினேன். தெருவில் மூன்று வீட்டு மிக்ஸியும் என்னிடம்தான் வருகிறது. யாரும் இழுவை இல்லை என்று சொன்னதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டாவது ரேஸ். இவர் ஐந்தாவது. ஜெயித்தவன் ஜெரோம். ராயப்பன் அண்ணனின் அக்கா மகன், அமைதியான பையன். அவன் எஞ்சினைக் கட்டுகிறவர் ராயப்பன் அண்ணன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர், என்னை 'அம்மிணி' என்பார். என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கினதும் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த ராயப்பன் எஞ்சின்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணீருக்கான் வேணி. இல்லாட்டி அந்தப் பொடிப்பய எப்படி என்னையத் தாண்டுவான்? புகார் குடுத்துத் தொறந்து பாத்துரலாம்."

"அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"அப்ப உன்ற எஞ்சின் மட்டமுன்னு ஒத்துக்கறயா?"

புகார்த் தாளை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். போட்டது நான்தான். "எஞ்சின் விசயம் உனக்குத்தான தெரியும், நீயே போடு" என்று பேனாவை நீட்டினார்.

நம் டிராக்கில் ஒரு வழக்கம் உண்டு. புகார் கொடுத்தால் அதிகாரிகள் முன்னால் அந்த எஞ்சினைப் பிரிப்பார்கள். பிரிக்கச் சொன்னவர், கடைசி போல்ட் திரும்ப இறுகும்வரை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. ஒருவனுடைய எஞ்சினைச் சந்தேகப்பட்டுத் திறப்பது அவன் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல்கிற மாதிரி, அதனால் மூடும்வரை நின்று பார் என்று யாரோ ஆரம்பித்துவைத்தது.

நின்றேன். மத்தியான வெயிலில், தகரக் கொட்டகையின் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல். பிஸ்டனை அளந்தார்கள், வால்வை அளந்தார்கள், டர்போவின் வாயை அளந்தார்கள். எல்லாம் விதிப்படி. ஒரு நூல்கூட மாறவில்லை. இவர் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார்.

ராயப்பன் அண்ணன் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போது என் பக்கம் பார்க்காமலே பேசினார். "அம்மிணி, ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காத. நேர் ரோட்டுல உன்ற வண்டி என்ற பையன வுட்டுட்டுப் போவுது. நானே பாத்தேன். உன்ற எஞ்சின் என்றதவிட நல்லா மூச்சு வுடுது. அப்பறம் எதுக்கு என்றதத் தொறந்த?"

கீழே விழுந்திருந்த ஒரு வாஷரை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். கால் கடுத்தது. வீட்டுக்கு வரும்வரை இவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை 15, திங்கள்

அண்ணன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்.

ஜூலை 22, திங்கள்

டர்போ எஞ்சினின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ரேஸையும் நொடி நொடியாகப் பதிந்துவைக்கும். காற்று எவ்வளவு அழுத்தத்தில் போனது, சூடு எவ்வளவு, ஆக்ஸிலேட்டர் பெடல் எவ்வளவு அமுங்கியது எல்லாம் லேப்டாப்பில் கோடுகளாக வரும். டர்போ காற்றைத் தாமதமாகத் தள்ளுகிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

காற்றுக் கோடு சரி. சூட்டுக் கோடு சரி. பெடல் கோட்டில் மட்டும் ஒரு விநோதம். நேர் ரோடு முடிந்து வருகிற வேகமான இடப்பக்க வளைவு இருக்கிறதே, பனைமரத் திருப்பம் என்பார்கள். அதற்கு வெகு முன்னாலேயே பெடல் கோடு கீழே விழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும். மற்ற இரண்டு வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சம்.

பெடல் சென்சார் கெட்டுவிட்டது. புதிது வாங்கி மாட்ட வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

புது சென்சார் மாட்டி, இவரைப் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். அதே கோடு. ஒயர் எங்காவது உரசுகிறதோ என்னவோ.

ஜூலை 30, செவ்வாய்

ஒயர் முழுவதும் மாற்றியாயிற்று. அதே கோடு. கம்ப்யூட்டரையே மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

சரி, எழுதாமல் விட்டு என்ன ஆகப்போகிறது. பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். காற்றழுத்தத்தைக் கூட்டிய வாரம் பெடல் கோடு இன்னும் முன்னால் விழுந்திருக்கிறது. அழுத்தம் குறைவாக இருந்த வாரம் தள்ளி விழுந்திருக்கிறது. எந்த ஒயரும் இப்படிக் கணக்குப் பார்த்துக் கெட்டுப்போகாது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சை, தேங்காய், புளி என்று மூன்று வகை சாதம் கிளறினேன். இவர் நண்பர்களோடு பேரூர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். பட்டறையில் நான் மட்டும்.

பின்பக்கம் தார்ப்பாயின் கீழே ஒரு எஞ்சின் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பனைமரத் திருப்பத்தில் வண்டி உருண்டது. இவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும், "எஞ்சின் புடிச்சுக்கிச்சு வேணி. சக்கரம் பூட்டிக்கிச்சு" என்றார். எஞ்சின் பிடித்துக்கொள்வது என்றால் பிஸ்டன் சூட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது. எண்ணெய் ஓடும் வழியில் நான்தான் எதையோ கோட்டைவிட்டிருப்பேன் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். என் கையால் என் புருஷனைக் கொல்லப் பார்த்தேன் என்று எத்தனை நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் இருந்தேன். அந்த எஞ்சினைப் பார்க்கத் தைரியம் வராமல் மூடிப்போட்டேன். அதற்கு அப்புறம் கட்டிய ஒவ்வொரு எஞ்சினிலும் எண்ணெய் வழியை மூன்று தடவை பார்ப்பேன்.

இன்று தார்ப்பாயை விலக்கினேன். எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டு, முன்பக்க போல்ட்டில் சாவியை மாட்டிச் சுற்றினேன்.

சுற்றியது. ஒரு கையால் சுற்றினேன், வழவழவென்று சுற்றியது. பிரித்தும் பார்த்துவிட்டேன். நான்கு பிஸ்டனிலும் ஒரு கீறல் இல்லை.

புளிசாதம் மிஞ்சிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அந்தத் திருப்பத்துக்குப் பயந்து பெடலிலிருந்து காலை எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. உருண்டு விழுந்தவன் பயப்படத்தான் செய்வான். நானாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். 'புள்ள, எனக்குப் பயமா இருக்குது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக மிக்ஸி ரிப்பேர் பார்த்திருப்போம். இரண்டு வருடம் என் தலையில் கட்டிவிட்டு, நான் ராயப்பன் அண்ணன் முன்னால் வெயிலில் நின்றபோது பிரியாணி சாப்பிடப் போனதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கத்துவார், கதவைச் சாத்துவார், ஃபைனல் ஓட்ட மாட்டேன் என்பார். நரசிம்மன் வந்து யாருடைய எஞ்சினைப் பார்ப்பார்? எங்களுக்கு இருப்பது ஒரே வண்டி, ஒரே டிரைவர்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு தகடு செய்தேன். அலுமினியம், வட்டம், நடுவில் ஒரு துளை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் உள்ளே, இணைப்பில், வெளியே தெரியாமல் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு குதிரை நூற்று நாற்பத்தைந்து ஆனது. டாஷ்போர்டில் இருக்கும் அழுத்தக் கேஜின் குழாயைத் தகட்டுக்கு முன்னால் மாற்றிக் கொடுத்தேன். அதனால் முள் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நிற்கும்.

வருடக்கணக்காக ஒவ்வொரு குதிரையாகப் பிடித்துவந்து பூட்டியவள், நாற்பத்தைந்தை ஒரே சாயங்காலத்தில் அவிழ்த்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் மூக்கை நானே பொத்துகிற மாதிரி இருந்தது.

இவரிடம், "டியூனிங் கொஞ்சம் மாத்தீருக்கேனுங்க. இப்ப நல்லா இருக்குமுன்னு நெனைக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 21, புதன்

பிராக்டிஸ். எழுபது நொடி.

சிரித்துக்கொண்டே இறங்கினார். "இப்பத்தான் வேணி எஞ்சின் எஞ்சினாட்டம் இருக்குது! இத்தன நாள் எங்க வெச்சிருந்த இத?"

லேப்டாப்பைத் திறந்தேன். பனைமரத் திருப்பத்தில் பெடல் கோடு விழவே இல்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. நாற்பது செய்தேன், எல்லாம் வெடித்துவிட்டது. மாவு சரியில்லை. நல்லவேளை, மாவுக்காவது நான் பொறுப்பில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஃபைனல். ஜெயித்துவிட்டார்.

ஜெரோம் ஸ்டார்ட்டில் தடுமாறிக் கடைசிக்குப் போனான். வழியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி வருவதற்குள் கொடி விழுந்துவிட்டது. ஒரு வண்டி நீளத்தில் இவர் முதல். நரசிம்மன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார், வழுக்கைத் தலை, கழுத்தில் கேமரா. கை தட்டினார். இவர் மைக்கில், "எஞ்சின் பிரச்சினை இருந்துச்சுங்க. இப்ப சரி பண்ணீட்டோம்" என்றார். பிரச்சினை என்னுடையது. சரி பண்ணியது 'ட்டோம்'.

கோப்பையைக் கொடுக்கும் முன்பே ராயப்பன் அண்ணன் அதிகாரிகளிடம் போய் நின்றார். புகார். அவர் நேராக என்னிடமே வந்து காரணம் சொன்னார். "அம்மிணி, பழி வாங்கறேன்னு நெனைக்காத. நேர்ல உன்ற வண்டி முன்னாட்டம் பறக்குல. ஆனா வளைவுல கொறையவே மாட்டீங்குது. சக்கரம் வழுக்காம கம்ப்யூட்டர்ல ஏதோ வெச்சிருக்கீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பாத்துப்போட்டா தீந்துது."

அதே தகரக் கொட்டகை. இந்த முறை பிரிபட்டது என் எஞ்சின், நின்றது அண்ணன். அவருக்கு முழங்கால் வலி. ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். "வேண்டாஞ் சாமி, வழக்கம் வழக்கந்தான்" என்று காலை மாற்றி மாற்றி நின்றார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், சுத்தம். குழாயைக் கழற்றினார்கள். தகடு கையோடு வந்தது.

பரிசோதனை அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடித் துளை வழியாகப் பார்த்தார். "என்னங்க இது? அனுமதிச்ச அளவவிடப் பெருசா இருந்தாத்தான் தப்பு. இது பாதிகூட இல்லியே. நீங்களே உங்க எஞ்சின் கழுத்த நெரிச்சு வெச்சிருக்கீங்க. யாருங்க இத வெச்சது?"

இவர் தகட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி இவர் முகத்தில் எல்லாம் இருந்தது. புரிந்துவிட்டது இவருக்கு. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் புரிந்துவிட்டது. இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

சொன்னார். "நாந்தானுங்க வெக்கச் சொன்னேன். பவரு பெருசில்லீங்க, வண்டி ஸ்மூத்தா இருக்கோணும். எவ்வளவு வருச அனுபவம்! என்ற ஐடியாதான். ஏ வேணி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஜூன் மாதம் பார்த்த அதே மாதிரி.

"ஆமாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷனை நிர்வாணமாக்க நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். நரசிம்மன் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரில்லியண்ட் சார். வித்தியாசமான திங்கிங்" என்றார். நான் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராயப்பன் அண்ணன் கடைசி போல்ட் இறுகும்வரை நின்றார். போகும்போது நரசிம்மனைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நரசிம்மன் போன். இவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். "மேடம், அந்த ராயப்பன் ஒரு விஷயம் சொன்னாரு. தகட்டக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்கன்னாரு. வர்ற இருபத்தெட்டாம் தேதி டிராக்க எடுத்திருக்கேன். அப்படியே கொண்டு வரீங்களா? அதப் பாத்துட்டுத்தான் ஆர்டர்."

கொண்டுவருகிறேன் என்றேன்.

இவரிடம், சென்னைக்காரர் டெஸ்ட் பார்க்கிறாராம் என்று மட்டும் சொன்னேன். "நானே ஓட்டிக் காட்டறேன்" என்றார். கோப்பையை டி.வி. மேல் வைத்திருக்கிறார். தூசி தட்டுவது என் வேலை.

செப்டம்பர் 28, சனி

காலையில் சந்தகை பிழிந்துகொண்டிருந்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். குளித்து, ரேஸ் உடுப்புப் போட்டு, கையில் ஹெல்மெட். ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டிப் பூட்டிக் கழற்றினார். அப்புறம் மெதுவாக, தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வேணி. அந்தத் தகடு இருக்குதா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் என்னிடம் பேசிய உண்மையான ஒரே வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். இருக்குதுங்க, வெசனப்படாதீங்க என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுப் போய்த் திரும்ப மாட்டியும் விடலாம். ஒரு மணி நேர வேலை.

"கழட்டிட்டேனுங்க" என்றேன்.

தலையாட்டினார். டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகு புடிச்சிருச்சு. இன்னைக்கு ஆவாது" என்று நரசிம்மனிடம் சொன்னார். நரசிம்மன் என்னைப் பார்த்தார். நான் ராயப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அரை மணியில் ஜெரோமை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஜெரோம் வண்டியில் ஏறும் முன், "அக்கா, ஏதாச்சும் பாத்து ஓட்டணுமாங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல கண்ணு. பெடல முழுசா அமுக்கு."

அமுக்கினான். பனைமரத் திருப்பத்தில் என் எஞ்சின் சத்தம் குறையாமல் போனதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அந்த மாதிரி சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஐந்தாவது சுற்றில் அறுபத்தேழு நொடி. ராயப்பன் அண்ணனின் சொந்த எஞ்சினில் அவன் எடுப்பது அறுபத்தொன்பது. அண்ணன் தன் வாட்ச்சை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

நரசிம்மன் அங்கேயே ஆர்டரைக் கொடுத்தார், நான்கு எஞ்சின். "எந்தப் பேர்ல போடட்டும் மேடம்? திருமூர்த்தி மோட்டார்ஸா?"

இவர் சற்றுத் தள்ளி, வேனில் சாய்ந்து நின்றார். கேட்கும் தூரம்தான்.

"அம்சவேணின்னு போடுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது வேனை நான் ஓட்டினேன். முதுகு பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போத்தனூர் தாண்டும்வரை ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். ஒரு மன்னிப்பு வேண்டாம். 'நல்லாக் கட்டியிருக்க' என்று இரண்டு சொல் போதும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் கனைத்துக்கொண்டார்.

"டயரு புதுசு. அதான் அந்த டைம் வந்திருக்குது" என்றார்.

முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. பிரேக் போட்டு, கியரைக் குறைத்து, அது கிளம்பும்வரை காத்திருந்தேன்.

"போன ரேஸ்ல நீங்க தேச்ச அதே டயர்தானுங்க" என்றேன்.